மரத்தின் மேல் ஓர் இருக்கை

சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் பயணி வண்டியில் பகல் நேரத்தில் நீங்கள் போயிருக்கிறீர்களா? அச்சிறுபாக்கம், தொழுப்பேடு தாண்டியதும் வண்டியின் இருபுறமும் பனைமரங்கள் கண்ணில் படத் தொடங்கும். ஒலக்கூர் நிலையத்தை நெருங்கும்போது ஏரிக்கரையிலும் வரப்பிலும் வரிசையாக நிற்கும். மாசி, பங்குனி மாதங்களில் காலை வேளையில் கவனித்தால் உச்சியில் ஒரு மனிதர் தெரிவார். தரையிலிருந்து அறுபது, எழுபது அடி உயரத்தில் கலயத்தை அவிழ்த்துக்கொண்டிருப்பார். வண்டி கடந்து போய்விடும். நாமும் அவரை மறந்துவிடுவோம்.

நான் மறக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரியில் உராய்வு பற்றிப் பாடம் நடத்திய ஒரு நாள், வகுப்பு முடிந்ததும் ஒலக்கூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். "சார், மரத்தை ஒட்டி நின்னா கால் வழுக்குது, கொஞ்சம் பின்னால சாஞ்சு நின்னாத்தான் பிடிக்குதுன்னு எங்க அப்பா சொல்றாரு. அது ஏன் சார்?" என்று கேட்டார். அவருடைய தந்தை பனையேறி. கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினேன். அவர் போகவில்லை. தயங்கி நின்றவர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். "எங்க சித்தப்பா ரெண்டு வருஷத்துக்கு முன்னால மரத்துலேர்ந்து விழுந்துட்டாரு. இப்ப நடக்க முடியாது. மரம் ஏற மெஷின் விக்கிறாங்களாமே, அப்பாவுக்கு ஒண்ணு வாங்கலாமா சார்?"

இதற்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த இயந்திரத்தின் வரலாறு பனையிலோ தென்னையிலோ மட்டும் அடங்கவில்லை என்று. உலகின் மறு கோடியில் மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்த கதையும் அதனுடன் சேர்ந்திருக்கிறது. அந்தக் கதையை உங்களுக்குச் சொல்கிறேன். மாணவரின் கேள்விக்கு விடை அதன் முடிவில் கிடைக்கும்.

இதணமும் பரணும்

தரையில் நிற்பவனைவிட உயரத்தில் இருப்பவனுக்கு இரண்டு நன்மைகள் உண்டு. அவனுக்கு நெடுந்தூரம் தெரியும். கீழே நடமாடும் விலங்கால் அவனை எளிதில் நெருங்க முடியாது. இதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். தினைப்புனம் காப்பதற்கு அமைத்த உயர்ந்த இருக்கையைச் சங்க நூல்கள் இதணம் என்று குறிக்கின்றன. பகலில் பெண்கள் அதில் இருந்து, கவணும் தட்டையும் கொண்டு கிளிகளை விரட்டினார்கள். இரவில் யானையும் பன்றியும் புனத்தில் இறங்காதபடி ஆண்கள் காவல் இருந்தார்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், மரத்தின் மேலேயே கட்டப்பட்ட இதணம் ஒன்று வருகிறது. அதைக் கட்டிய காவலனுக்கு அங்கே சேணோன் என்று பெயர். சேண் என்றால் உயரம், தொலைவு. உயரத்தில் இருப்பவன் சேணோன். தொழிலை வைத்தே பெயர் அமைந்துவிட்டது.

வள்ளி தினைப்புனம் காத்த கதையில் வரும் பரணும் இதுவேதான். பரண் இன்றும் மறைந்துவிடவில்லை. திண்டிவனம் வட்டாரம் நிலக்கடலைக்குப் பேர்போனது. டி.எம்.வி. என்ற எழுத்துகளுடன் வரும் கடலை இரகங்கள், திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கியவை. காட்டுப்பன்றித் தொல்லை உள்ள ஊர்களில் கடலை முற்றும் சமயத்தில் நான்கு கம்பு நட்டு, குறுக்கே கழி கட்டி, ஓலை வேய்ந்த பரணில் இன்றும் இராக்காவல் இருக்கிறார்கள்.

பரண் காவலுக்குப் பிறந்தது. வேட்டைக்காரன் அதைத் தன் தொழிலுக்கு எடுத்துக்கொண்டான்.

வேட்டைக்காரரின் மச்சான்

ஆங்கிலேயர் காலத்து வேட்டை நூல்களில் 'மச்சான்' என்ற சொல் அடிக்கடி வரும். உறவுமுறை என்று எண்ணிவிட வேண்டாம். மஞ்சம் என்ற வடசொல் இந்தியில் மச்சான் ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. மரக்கவட்டில் கயிற்றுக் கட்டிலைத் தலைகீழாகவோ நேராகவோ வைத்துக் கட்டி, இலைதழையால் மறைத்துவிட்டால் அதுதான் மச்சான். மானுக்கும் புலிக்கும் மோப்பத்தாலும் செவியாலும் ஆபத்தை உணரும் திறன் மிகுதி. தரையில் மறைந்திருப்பவனின் வாடை காற்றோடு நேராக அவற்றின் மூக்குக்குப் போகும். உயரத்தில் இருந்தால் அந்த வாய்ப்பு குறையும். அவற்றின் வழக்கமான பார்வைக் கோட்டுக்கும் மேலே இருக்கலாம்.

இமயமலை அடிவாரத்தில் உருத்திரப்பிரயாகைப் பகுதியில் 125 பேரைக் கொன்ற ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926-ஆம் ஆண்டில் சுட்டு வீழ்த்தினார். யாத்திரிகர்கள் செல்லும் பாதையோரம் ஒரு மாமரத்தில் கட்டிய மச்சானில், இரவுக்குப் பின் இரவாகக் காத்திருந்துதான் அவர் அதைச் செய்தார். நம் தருமபுரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சனின் நூல்களிலும் மச்சான் இல்லாத அத்தியாயம் அரிது.

வேட்டை எல்லையில்லாமல் நடந்ததன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. நீலகிரியில் 1879-ஆம் ஆண்டிலேயே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. நாடு முழுவதற்குமான வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. உரிமம் பெற்று வேட்டையாட அதில் எஞ்சியிருந்த வழியையும் 1991-ஆம் ஆண்டின் திருத்தம் அடைத்தது. இன்று நம் நாட்டில் மானைச் சுடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மச்சான் இப்போது விலங்குகளை எண்ணுவோருக்கும் பார்க்க வருவோருக்கும் உரியதாகிவிட்டது.

மச்சானுக்கு ஒரு குறை இருந்தது. கவடு இருக்கும் மரத்தில்தான் அதைக் கட்ட முடியும்; கட்டிய இடத்தைவிட்டு அது நகராது. கிளையே இல்லாமல் நெடுநெடுவென்று வளர்ந்த மரத்தில் என்ன செய்வது? இந்தக் கேள்வி அமெரிக்காவில் எழுந்தது.

பரண் தானே ஏறியது

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெண்வால் மான் என்ற இனம் 1900-ஆம் ஆண்டை ஒட்டி அழியும் நிலைக்கு வந்திருந்தது. சந்தைக்காகச் சுட்டே தீர்த்துவிட்டார்கள். பிறகு கடுமையான பருவக் கட்டுப்பாடுகள் வந்தன. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரியை வன உயிரினப் பெருக்கத்துக்கே செலவிட 1937-இல் சட்டம் செய்தார்கள். மான் மீண்டும் பெருகிற்று. இன்று அங்கே கோடிக்கணக்கில் உள்ளது. குறிப்பிட்ட பருவத்தில், அரசின் உரிமத்துடன் அதை வேட்டையாடுவது அங்கே சட்டப்படி சரி. வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடுவோரும் பலர். அம்புக்கு இருபது, முப்பது மீட்டருக்குள் மான் வர வேண்டும். தரையில் இருந்தால் அவ்வளவு அருகில் அது வராது. ஆகவே மரம் ஏற வேண்டியதாயிற்று.

அங்குள்ள காடுகளில் பைன் போன்ற மரங்கள் மிகுதி. அடியில் கிளை இருக்காது. ஆணி அடித்து ஏறினால் மரம் கெடும் என்பதால் பல பொதுக் காடுகளில் அதற்குத் தடை இருந்தது. இந்த நெருக்கடிக்கு விடையாக 1970-களில் பரவியதுதான் ஏறும் பரண். அது இரண்டு சட்டங்களால் ஆனது: மேலே இருக்கை, கீழே கால்தட்டு. ஒவ்வொன்றும் ஒரு வளையத்தால் மரத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும். இருக்கையில் அமர்ந்துகொண்டு, பாதங்களைக் கால்தட்டில் கோத்து அதை மேலே இழுக்க வேண்டும். பிறகு கால்தட்டில் எழுந்து நின்று, இருக்கையைக் கையால் மேலே தூக்க வேண்டும். அட்டை ஊர்வதுபோல, உட்கார்ந்தும் எழுந்தும் ஐந்து ஆறு மீட்டர் உயரம் போய்விடலாம். ஆணி கிடையாது, இறுக்கி முறுக்கும் திருகும் கிடையாது. அப்படியானால் மரத்தோடு அதைப் பிடித்து வைத்திருப்பது எது?

விழவைக்கும் எடையே தாங்கும் எடை

மேசை இழுப்பறையை நடுவில் பிடித்து இழுத்தால் சுலபமாக வரும். ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கோணிக்கொண்டு இறுகிவிடும். எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு இறுகும். ஏறும் பரணின் இரகசியம் இவ்வளவே.

சட்டம் மரத்தை இரண்டு இடங்களில் அழுத்துகிறது. ஆள் இருக்கும் பக்கத்தில் சட்டத்தின் முன்விளிம்பு பட்டையை அழுத்துகிறது. மறுபக்கத்தில், அதைவிடச் சற்று உயரத்தில், வளையம் அழுத்துகிறது. ஆளின் எடை மரத்தின் நடுக்கோட்டிலிருந்து சிறிது தள்ளி விழுவதால் சட்டம் கீழ்நோக்கிச் சுழலப் பார்க்கிறது. அந்தத் திருப்புத்திறனைத் தடுப்பவை, இரண்டு தொடுமிடங்களிலும் எதிரெதிராக எழும் கிடைவிசைகள். அவை ஒவ்வொன்றும் உராய்வை உண்டாக்குகின்றன. அந்த இரு உராய்வு விசைகளும் சேர்ந்து எடையைத் தாங்க வேண்டும். பள்ளிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஓர் எளிய விதி கிடைக்கிறது:

நடுக்கோட்டிலிருந்து ஆளின் தூரம், (தொடுமிடங்களின் உயர இடைவெளி) ÷ (2 × உராய்வுக் குணகம்) என்ற அளவுக்குக் குறையக் கூடாது.

இந்த விதியில் ஆளின் எடை இல்லை என்பதைக் கவனியுங்கள். எடை கூடினால் கீழே இழுக்கும் விசை கூடுகிறது. பிடிக்கும் உராய்வும் அதே விகிதத்தில் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. சட்டம் முறியாதவரை, ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் பிடி ஒன்றுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. உயர இடைவெளி 20 செ.மீ., உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆள் நடுக்கோட்டிலிருந்து 25 செ.மீ.க்கு அப்பால் இருந்தால் போதும், சட்டம் நழுவாது. மழை பெய்து பட்டை பாசியேறிக் குணகம் 0.2 ஆகிவிட்டால்? 50 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். காலையில் பிடித்த அதே சட்டம், மாலையில் அதே மரத்தில் நழுவும்.

மாணவரின் முதல் கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. பனையேறி காலில் தளை மாட்டி, இடுப்பையும் மரத்தையும் சேர்த்துக் கயிறு சுற்றிச் சாய்ந்து நிற்கும்போது, கயிறு மேலே மறுபக்கத்தைப் பிடிக்கிறது. பாதங்கள் கீழே இந்தப் பக்கத்தை அழுத்துகின்றன. பின்னால் சாயச் சாயப் பாதத்தின் அழுத்தம் கூடுகிறது, பிடி இறுகுகிறது. பயந்து மரத்தைக் கட்டிக்கொண்டால் அழுத்தம் குறைகிறது, கால் வழுக்குகிறது. அமெரிக்கத் தொழிற்சாலை பரணில் பொருத்திய விதியை ஒலக்கூர்ப் பனையேறி பாதத்தால் அறிந்திருக்கிறார்.

பிடி விடும் நொடி

ஆனால் இந்த விதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எடை இருந்தால்தான் அழுத்தம். அழுத்தம் இருந்தால்தான் உராய்வு. எடை நீங்கிய நொடியில் பிடியும் நீங்குகிறது. ஏறுவதற்கு அது தேவைதான். பிடி நீங்காவிட்டால் சட்டத்தை மேலே தூக்க முடியாது. கருவியை ஏறவைக்கும் பண்பும் அதை விழவைக்கும் பண்பும் ஒன்றே.

தொடக்ககாலப் பரண்கள் பலவற்றில் கால்தட்டு மட்டுமே இருந்தது. ஏறுபவர் மரத்தைக் கைகளால் கட்டிப்பிடித்துத் தொங்கியபடி, காலால் தட்டை மேலே இழுக்க வேண்டும். கை தளர்ந்தாலும், தட்டில் கால் வைக்கும்போது எடை மரத்தை ஒட்டி விழுந்தாலும், தட்டு சரசரவென்று இறங்கும். பலர் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள், சிலருக்கு முதுகெலும்பு முறிந்தது. பரணில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது விழுந்தவர்கள் குறைவு. ஏறும்போதும் இறங்கும்போதும், பரணுக்கு மாறும்போதும் விழுந்தவர்களே மிகுதி. எடை இடம் மாறும் நொடிகள் அவை.

ஒவ்வொரு விபத்தும் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. கைக்குப் பதில் இருக்கைச் சட்டம் வந்தது. எப்போதும் இரண்டில் ஒன்றின் மேல் முழு எடையும் இருக்கும். இரண்டையும் ஒரு வாரால் இணைத்தார்கள். இணைக்காவிட்டால், கால்தட்டு நழுவிக் கீழே விழும்போது ஆள் இருக்கையில் தனியாகச் சிக்கிக்கொள்வார். தொடுமிடங்களில் பற்களும் ரப்பரும் வைத்து உராய்வைக் கூட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பரணை நம்பாத தனிக் கயிறு ஒன்று வேண்டும் என்று உணர்ந்தார்கள்.

அந்தக் கயிறு உடம்பில் எங்கே சேர வேண்டும்? முதலில் இடுப்பில் ஒரு பட்டை கட்டினார்கள். 60 கிலோகிராம் எடையுள்ளவர் ஒரு மீட்டர் விழுந்தபின் நீளாத கயிறு அவரை 5 செ.மீ.க்குள் நிறுத்துவதாகக் கொள்வோம். விழுந்த தூரம் நின்ற தூரத்தைப்போல் 20 மடங்கு. ஆகவே நிறுத்தும் விசை அவர் எடையைப்போல் 21 மடங்கு, அதாவது 1260 கிலோகிராம் எடைக்குச் சமம். அது வயிற்றில் ஒரு கோடாக விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதே வீழ்ச்சியை, தையல் பிரிந்து நீளும் வார் ஒன்று 50 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் விசை மூன்று மடங்குதான், 180 கிலோகிராம். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பது இதே காரணத்தால்தான்.

அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள், விழுபவரைத் தாங்க இடுப்புப் பட்டையைப் பயன்படுத்துவதை 1998 சனவரி முதல் தடைசெய்தன. தோள், மார்பு, தொடை மூன்றையும் தழுவும் முழுவுடல் கச்சையே வேண்டும் என்றாயிற்று. கடைகளில் ஹார்னஸ் என்று கேட்டால் கிடைப்பது அதுதான். அதிலும் ஒரு எச்சரிக்கை: அசையாமல் நெடுநேரம் தொங்கினால் தொடைப் பட்டைகளுக்குக் கீழே இரத்தம் தேங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே காலை ஊன்றிக்கொள்ள ஒரு கயிற்று வளையம் கச்சையோடு இருக்க வேண்டும். விழுந்தவரை விரைவில் இறக்க ஆளும் இருக்க வேண்டும். தனியாக ஏறக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

தென்னைக்கு வந்த கருவி

நம் நாட்டில் இதே விதி வேறு வடிவில் வந்தது. கேரளத்தில் தென்னை ஏற ஆள் கிடைக்காத நிலை வந்தபோது, கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி ஒரு கருவி செய்தார். வலம் ஒன்று, இடம் ஒன்றாக இரண்டு இரும்புச் சட்டங்கள்; ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றும் கம்பிவடம், காலுக்கு மிதி, கைக்குப் பிடி. மிதியில் எடை வைத்தால் வடம் இறுகும்; எடையை மாற்றிப் பிடியைத் தூக்கினால் தளரும். படி ஏறுவதுபோல் நின்றபடியே ஏறலாம். செம்பேரி மாதிரி என்றே அது பெயர் பெற்றது. தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மாதிரியோ உட்கார்ந்து ஏறும் வகை. அமெரிக்கப் பரணுக்கு நெருங்கிய உறவு.

செம்பேரி மாதிரியில் தொடக்கத்தில் தனிப் பாதுகாப்பு ஏதும் இல்லை. கை தவறினால் ஆள் பின்னால் சாய்ந்துவிடுவார். காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் அதற்குப் பாதுகாப்பு இணைப்பு ஒன்றை உருவாக்கியது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய 'தென்னை மரத்தின் தோழர்கள்' பயிற்சியில் ஆண்களும் பெண்களும் இந்தக் கருவியைக் கொண்டு ஏறக் கற்றார்கள், காப்பீடும் செய்யப்பட்டது. வேட்டைப் பரண் விழுந்து விழுந்து கற்ற பாடங்களில் பல இங்கே குறைந்த காலத்தில் வந்து சேர்ந்தன.

பனை வேறு

அப்படியானால் தென்னைக் கருவியைப் பனைக்கு மாட்டினால் போதாதா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

முதலாவது, உயரம். வேட்டைக்காரர் ஏறுவது ஆறு மீட்டர். அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர். இருபது மீட்டர்ப் பனையிலிருந்து விழுந்தால் மணிக்கு 71 கிலோமீட்டர்.

இரண்டாவது, பருமன். பனை அடியில் பருத்து மேலே மெலியும். வளையத்தின் நீளமோ மாறாது. மரம் மெலிய மெலியச் சட்டத்தின் வெளிவிளிம்பு கீழே தொங்கும். இரு தொடுமிடங்களின் உயர இடைவெளி கூடும். தொடுமிடங்களுக்கு இடையே சாய்வாக அளந்தால் 40 செ.மீ. உள்ள சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மரத்தின் விட்டம் 38 செ.மீ. இருக்கும் இடத்தில் உயர இடைவெளி சுமார் 12.5 செ.மீ.; குணகம் 0.4 என்றால் வேண்டிய தூரம் 16 செ.மீ.தான். மரத்தின் ஆரமே 19 செ.மீ. என்பதால் எப்படி நின்றாலும் பிடிக்கும். விட்டம் 30 செ.மீ. ஆகக் குறைந்த உயரத்தில் இடைவெளி 26.5 செ.மீ.; வேண்டிய தூரம் 33 செ.மீ. இப்போது பட்டையிலிருந்து 18 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். அடியில் உறுதியாக இருந்த கருவி உச்சியில் நழுவுவது இதனால்தான். தரையில் சோதித்துப் பார்த்துவிட்டு "நன்றாகப் பிடிக்கிறது" என்று சொல்வது எவ்வளவு தவறு என்று பாருங்கள்!

அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதற்கு இரண்டு வழி கண்டார்கள். அடியில் தொடங்கும்போதே தட்டின் வெளிவிளிம்பைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைத்தார்கள். உச்சிக்குப் போகும்போது அது மட்டமாகிவிடும். அல்லது நடுவழியில் வளையத்தைச் சுருக்கினார்கள். முதல் வழி குறைந்த உயரத்துக்குத்தான் போதும். பனைக்கு இரண்டாவது வழி வேண்டும். சுருக்கும்போது அந்தச் சட்டத்தின் மேல் எடை இருக்காது; ஆகவே தனிக் கயிறு இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

மூன்றாவது, நேரம். தேங்காய் பறிப்பவர் ஒரு மரத்தில் ஒன்றரை, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஏறுகிறார். பதநீர் இறக்குபவர் அதே மரத்தில் ஒவ்வொரு நாளும் ஏறுகிறார், அதுவும் இரண்டு மூன்று முறை. இப்படிப் பல மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் கருவியை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும், பதநீரும் புளித்துவிடும். பனையேறிகள் கருவியை வாங்கி வீட்டு மூலையில் போட்டுவிடுகிறார்கள் என்றால் அது அறியாமை அல்ல, கணக்கு. சிறந்த பனையேறும் கருவிக்குப் பரிசு தருவதாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்ததே, கேள்வி இன்னும் தீரவில்லை என்பதற்குச் சான்று.

வாங்கலாமா?

மாணவருக்கு நான் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்கிறேன். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைப் பாருங்கள்: இரண்டு சட்டங்களும் வாரால் இணைந்திருக்க வேண்டும். வளையத்தை மரத்தின் மேலேயே சுருக்க முடிய வேண்டும். சுருக்கியபின் தானாக அவிழாத பூட்டு வேண்டும். உங்கள் ஊர்ப் பனையின் அடிச்சுற்றளவை நூலால் அளந்துகொண்டு போய், வளையம் போதுமா என்று பார்க்க வேண்டும். பற்றவைத்த இடங்களில் விரிசலும், கம்பிவடத்தில் அறுந்த இழையும் இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். ரப்பர் தேய்ந்தால் மாற்ற வேண்டும். சொந்தமாக ஓட்டை போடுவதோ, பற்றவைத்து நீட்டுவதோ கூடாது. இருக்கையில் பஞ்சு வைப்பது, அரிவாளுக்கு ஒரு கொக்கி மாட்டுவது போன்ற மாற்றங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மழைக்குப்பின் ஏறக் கூடாது.

ஆனால் கருவியைவிட முக்கியமானது தனிக் கயிறு. மலையேறுவோர் பயன்படுத்தும் முடிச்சு ஒன்று உண்டு. ஆஸ்திரிய நாட்டு மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் அதை வெளியிட்டார். தொங்கும் தடித்த கயிற்றின் மேல் மெல்லிய கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிவது. எடை இல்லாதபோது கையால் தள்ளினால் மேலே நகரும். எடை விழுந்தால் இறுகிக் கவ்வும். ஏறும் பரணின் அதே தத்துவம். பனையேறி ஒரே மரத்தில் பருவம் முழுவதும் ஏறுகிறார் அல்லவா? பருவத் தொடக்கத்தில் ஒருமுறை கருவியில் ஏறி, மட்டைகளுக்குக் கீழே மரத்தைச் சுற்றி உறுதியான கயிறு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டால், மறுநாள் முதல் தன் பழைய வழியிலேயே, தளை போட்டு வேகமாக ஏறலாம். முழுவுடல் கச்சை, புருசிக் முடிச்சால் அந்தக் கயிற்றோடு இணைந்திருக்கும். முடிச்சு எப்போதும் தோளுக்கு மேலே, தொய்வில்லாமல் இருக்க வேண்டும். விழும் தூரம் குறைந்தால் அதிர்ச்சியும் குறையும். நைலான் கயிறு வெயிலில் நைந்துபோகும். ஆகவே பருவத்துக்குப் பருவம் மாற்ற வேண்டும். இதைப் புத்தகம் பார்த்து மரத்தில் செய்துபார்க்கக் கூடாது. தெரிந்தவரிடம் கற்று, ஆள் உயரத்தில் பலமுறை பழகிய பிறகே மேலே போக வேண்டும்.

கணக்குப் பாருங்கள். முப்பது மரத்துக்கு மரம் ஒன்றுக்கு 25 மீட்டர் என்றால் 750 மீட்டர் கயிறு வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இது சிறிய செலவல்ல. கருவியோ ஊருக்கு ஒன்று போதும், வாடகைக்கு எடுக்கலாம். உதவ நினைக்கும் சங்கமோ அரசோ கருவிக்கு மட்டும் மானியம் கொடுத்து நின்றுவிடாமல், கயிற்றுக்கும் கச்சைக்கும் பயிற்சிக்கும் கொடுத்தால் பயன் மிகுதி. கருவி ஒரு நாள் தேவைப்படுகிறது. கயிறு ஒவ்வொரு நாளும் தேவைப்படுகிறது.

இதை அந்த மாணவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னபோது அவருடைய தந்தை பொறுமையாகக் கேட்டார். சித்தப்பா உள்ளே கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தந்தை கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்: "முடிச்சு எப்படிப் போடறதுன்னு காட்டுங்க சார்." கிணற்றுக் கயிற்றிலும் ஒரு சணல் துண்டிலும் போட்டுக் காட்டினேன். இரண்டாம் முறை அவரே போட்டார். என்னைவிட நேர்த்தியாக இருந்தது. உள்ளேயிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது: "அதை இங்க கொண்டாங்க, நானும் பாக்கறேன்."